வெட்டாத பிரதி

பிப்ரவரி பிறந்தால் எர்லீன் பிக்கெட்டின் முழங்கால்தான் முதலில் புலம்பும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாலிஸ் தெருக் கிளை நூலகம் வரைக்கும் இரண்டே தெரு தூரத்தைக் கடக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது. மில்வாக்கி நகரின் வடபக்கத்தில் நடைபாதைப் பனியை அள்ளிப் போடுவது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. பாதி வீட்டில் ஆளே இல்லை, யார் அள்ளுவார்கள்? ஒரு கையால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மதியச் சாப்பாட்டுப் பையோடு, ஐம்பத்தாறு வயது உடம்பைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே இளையோர் பகுதி அவள் பொறுப்பு. முன்பு மூன்று பேர் பார்த்த வேலை, இப்போது அவள் ஒருத்திதான். புத்தகம் அடுக்க அவள், கிழிந்ததை ஒட்ட அவள், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருகிற நாற்பது ஐம்பது பிள்ளைகளை 'மெதுவாப் பேசுங்க' என்று கெஞ்சவும் அவளேதான். அதற்கு நடுவில் சிடி கேட்கிற வேலை வேறு. மேசை மேல் ஒரு சிடி வந்து கிடந்தது. டெல் ஹாலிஸ் என்கிற பையனின் ராப் பாட்டுகள், பதினான்கு. ஆல்பத்தின் பெயர் 'பிப்ரவரி'. போதாக்குறைக்கு இது வேறா என்று நினைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எழுதுகிற நோட்டில் அந்த ஒரு பெயரே முப்பத்தோரு தடவை எழுதியிருந்தது. இதே தெருவில் வளர்ந்து தெருப்பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட பையன். இப்போது சிகாகோ வானொலியில் அவன் குரல் வருகிறது என்றால் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவுமா?

எர்லீனின் பகுதியில் ஒரு ராப் ஆல்பம் அலமாரிக்குப் போக இரண்டு பேர் அதைக் கேட்டாக வேண்டும். ஒருத்தர் ஊழியர், இன்னொருத்தர் இளையோர் குழுவில் ஒரு பிள்ளை. தாவாமல், தள்ளிவிடாமல், முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும். கேட்டதை இரண்டு பேரும் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். பிள்ளையின் தாள் ஒரு பூட்டிய பெட்டிக்குள் விழும், ஊழியர் தன் தாளைப் பேனாவால் எழுதி முடித்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எழுதக் கூடாது என்று இந்த முறையைக் கொண்டுவந்தவளே எர்லீன்தான்.

அவள் கொண்டுவந்த விதி இன்னொன்றும் உண்டு. ராப் ஆல்பங்கள் இரண்டு விதமாக வரும். ஒன்று முழுப் பிரதி. மற்றது வசவையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய கடைகளுக்காகப் போடுகிற வெட்டிய பிரதி. வார்த்தை இருந்த இடத்தில் குரல் அறுந்துபோய்த் தாளம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சில பெற்றோர்கள் நூலகத்தில் வெட்டியதைத்தான் வைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். எர்லீன் கூட்டத்தில் எழுந்து, "புத்தகத்துல பக்கத்தைக் கிழிச்சிட்டா நாம அடுக்கறோம்? பாட்டுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று கேட்டாள். வெட்டிய பிரதி வாங்குவதில்லை என்று அன்றைக்கே விதி எழுதப்பட்டது. அவளுடைய வேலைக் காலத்தில் அவள் மார்தட்டிக்கொள்ளக்கூடிய ஒரு நாள் அது.

காதில் ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, மாதிரிக்கு வந்திருப்பது வெட்டிய பிரதி. திருப்பி அனுப்பி முழுப் பிரதி வரவழைக்க இன்னும் இரண்டு வாரம். தாளை மறுபடி எடு, மறுபடி எழுது. கெட்ட வார்த்தை அவளுக்குத் தெரியாததா? ஆயிரம் ராப் பாட்டுக் கேட்ட காது. எங்கே எந்த வார்த்தை விடுபட்டிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இருக்கட்டும், வாங்கும்போது முழுசை வாங்கினால் போயிற்று என்று கேட்டுக்கொண்டே போனாள். களைப்பு அப்படிச் சொல்லவைத்தது.

பையன் நன்றாகத்தான் சொல்கிறான். மூடிக் கிடக்கிற ஆலை, சம்பளம் நின்றுபோன மாமன்மார்கள், எரிவாயு வெட்டப்பட்ட வீட்டில் அடுப்படியில் மின்சார ஓவனைத் திறந்து வைத்துக் குளிர் காய்கிற குடும்பம். ஒன்றும் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறான். எர்லீன் தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பாட்டு வந்தது.

"ஹாலிஸ் தெரு லைப்ரரி, ஹீட்டர் பக்கம் என் எடம், பதினாலு வயசு, தடிப் புத்தகம்தான் தலகாணி. வந்தா மிஸ் பிக்கெட்டு, தன் கையில கெடந்த உறையக் கழட்டி என் கையில மாட்டிவிட்டா."

எர்லீனின் பேனா நின்றுவிட்டது. அதற்கப்புறம் பாட்டு முழுக்க ஓட்டை. 'கதவு' என்று ஒரு வார்த்தை வரும், குரல் அறுந்துபோகும். 'நாப்பது' என்று வரும், இரண்டு வரி காணாமல் போகும். 'விரலு' என்று ஒரு வார்த்தை, மறுபடி வெறும் தாளம். குளிரைத் திட்டுகிறான், போலீஸைத் திட்டுகிறான், இந்த ஊரைத் திட்டுகிறான், பாவம் பிள்ளை என்று அந்த ஓட்டைகளை அவளாகவே நிரப்பிக்கொண்டாள். அவளுக்கு நினைவிருந்தது. கார்டெல், கார்டெல் யான்ஸி. ஒல்லியாக, பேசாமல் இருப்பான். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கடுங்குளிர் வாரத்தில் அவனுக்குத் தன் கையுறையைக் கொடுத்தாள். யாருமே இல்லாத அலமாரிச் சந்தில் நின்று எர்லீன் அழுதாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒருத்தன் நினைவு வைத்திருக்கிறானே என்று அழுதாள். திரும்பி வந்து, 'கட்டாயம் வாங்க வேண்டும். ஐந்து பிரதிகள்' என்று தாளில் எழுதினாள். கையெழுத்து மட்டும் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தாள். இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.

வீட்டில் அவள் புருஷன் வெண்டெல் பன்றிக் கழுத்தெலும்பும் லீமா பீன்ஸும் வேகவைத்திருந்தான். நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு அடுப்பு அவன் ஆட்சி. அவள் சொல்லச் சொல்லக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தக் கையுறைக் கதை அவனுக்குத் தெரியாததல்ல. சாம்பல் நிறக் கம்பளி, உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்தது. கல்யாண நாளுக்கு அவன் வாங்கித் தந்தது. அன்று வெறுங்கையோடு வந்து நின்றவளை ஒரு வாரம் திட்டினான். அப்புறம் அதே கதையை வருஷா வருஷம் நவம்பரில் வருகிற நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே வந்தவர்களிடமெல்லாம் அவனே சொன்னான். கதை வளர்ந்துகொண்டே போய், போன வருஷம் கையுறைக்குள் முயல் ரோமம் கூட முளைத்திருந்தது.

"நான் வாங்கின கையுறை ரேடியோவுல வருதா?" என்றான். "அப்ப என் பேரையும் போட்டிருக்கணும்ல அவன்?"

எர்லீன் சிரித்தாள். அவர்களுடைய மகள் ரெனிட்டா, பதினேழு வயது, சிரிக்கவில்லை. பீன்ஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். இளையோர் குழுவில் இருப்பவள், இந்த ஆல்பத்துக்குப் பிள்ளைகள் தரப்பில் கேட்டவளும் அவள்தான். உன் தாளைப் பெட்டியில் போட்டாயா என்று எர்லீன் கேட்டதற்குப் போட்டாச்சு என்று மட்டும் சொன்னாள். வெட்டிய பிரதியா வந்தது என்று கேட்டாள். ஆமாம், யாருக்கு இரண்டு வாரம் காத்திருக்க முடியும் என்றாள் எர்லீன். ரெனிட்டா தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் மீன் வறுவல். வடபக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் மீன்தான், அதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்ட மீன் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. வெண்டெல் சும்மா இருப்பானா? தட்டு நிறைய மீனோடு மேசை மேசையாகப் போய், என் பெண்டாட்டி மேல் பாட்டுக் கட்டியிருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். சிஸ்டர் பிக்கெட், கர்த்தர் உங்களை மறக்கவில்லை என்று கிழவிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எர்லீனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, இனித்தது என்பதும் உண்மை.

கடைசி மேசையில் பிள்ளைகள். அங்கே யாரோ அடித்தொண்டையில், "கதவத் தொற, மிஸ் பிக்கெட்டு" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. ரெனிட்டா பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டைக்கூடப் போடாமல் படியேறிப் போனாள்.

எர்லீன் இரண்டு கோட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மகள் காருக்குள் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எர்லீன் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அவன் ஏன்டி அப்படிச் சொன்னான்?"

"விடும்மா."

"ரெனிட்டா."

"நீ கேட்டது பாதிதாம்மா," என்றாள் மகள். "மிச்சத்தைக் கேக்காம இருந்துடேன். நான் சொல்றேன்ல."

எர்லீன் மகளின் கோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு ஸீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அம்மா இறங்கப் போவதில்லை என்று தெரிந்ததும், ரெனிட்டா தன் பைக்குள்ளிருந்து முழுப் பிரதியை எடுத்தாள். மூன்று வாரமாக அதைப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒன்பதாவது பாட்டை வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கையுறை வரைக்கும் அதே பாட்டு. அதற்கப்புறம் ஓட்டை இல்லை.

"உறையக் குடுத்த சிறுக்கியே கதவையும் தொறந்துவிட்டா. உள்ள நாப்பது நாற்காலி, நாப்பதும் காலி. கையப் பாத்தா சிறுக்கி, காலப் பாக்கல. கான்வாஸ் ஷூவுக்குள்ள தண்ணி கல்லாக் கெடந்துச்சு. எங்கடா போவன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கல. பஸ் ஸ்டாப்புல விடிஞ்சுது எனக்கு. கால்விரலு ரெண்ட ஆஸ்பத்திரி வாளியில விட்டுட்டு வந்தேன். கைவிரலு பத்தும் பத்திரம், மிஸ் பிக்கெட்டு, ரொம்ப நன்றி."

நன்றி என்பதை அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அப்புறம் அவள் அம்மாவையும் இழுத்து வைத்து இன்னும் நாலு வரி. பாட்டு முடிந்தது. மகள் பாட்டை நிறுத்தக் கை நீட்டினாள். இருக்கட்டும் என்று எர்லீன் தடுத்து, மீதி ஐந்து பாட்டையும், அப்புறம் முதல் எட்டையும் கேட்டாள். முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுதானே விதி. வெண்டெல் மிச்ச மீனைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து பின் ஸீட்டில் ஏறியபோது, இரண்டு பேருமே அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. கார் முழுக்க மீன் வாசனை.

சனிக்கிழமை காலையில் அவனிடம் சொல்ல வேண்டி வந்தது. வெண்டெலுக்கு வந்த கோபத்தில் பனி அள்ளுகிற மண்வெட்டியோடு வெளியே போய், தன் வீட்டு நடைபாதையையும் பக்கத்து மூன்று வீட்டு நடைபாதையையும் சுத்தமாக அள்ளிப் போட்டுவிட்டு வந்தான். உன்னைத் திட்டுகிறவனுக்கு நீயே மேடை போட்டுக் கொடுப்பாயா, தாளைக் கிழித்துப் போடு என்றான். விதியைத்தானே செய்தாய், நூலகத்தில் தூங்கினால் மூன்று தடவை எச்சரிக்கை, அப்புறம் வெளியே, அதை எழுதினவள் நீயா என்று கேட்டான். எர்லீன் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த வாரம் ஏரியிலிருந்து வந்த காற்றில் மூச்சு விட்டால் மூக்குக்குள் உறையும். வேலைக்கு வர வேண்டியவர்கள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பையன் மேல் வாடை அடிக்கிறது என்று ஒரு அம்மாள் இரண்டு தடவை வந்து புகார் சொன்னாள். அன்றைக்கும் இதே களைப்புத்தான். மூன்றாவது தடவை அவன் தோளைத் தட்டி எழுப்பினாள். எழுந்து நின்றான். அவன் காலை அவள் பார்த்தாளா? பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய அவளால் முடியவில்லை.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனதும் நிலவறைக்கு இறங்கி அந்த வருஷத்துச் சம்பவப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்துத்தான். 'கா. யான்ஸி, 14. தூங்கினான். மூன்றாவது எச்சரிக்கை. 4.10க்கு வெளியே அனுப்பப்பட்டான்.' அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'என் கையுறையைக் கொடுத்தேன்.' எங்கே போனான் என்று ஒரு எழுத்தும் இல்லை. அதை எழுதி வைத்தவளை நினைக்க எர்லீனுக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்குத் தலைமை நூலகத்திலிருந்து கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் கூப்பிட்டார். சிடி வாங்குவது அவர் பொறுப்பு. நல்ல மனிதர், அவர் மகன் வீட்டில் முழுப் பிரதியைப் போட்டுக் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"எர்லீன், நீங்க எழுதற தாள்ல பதினோராவது கேள்வி ஒண்ணு இருக்கில்ல," என்றார். "உயிரோட இருக்கற ஆளைப் பேர் சொல்லி இழிவுபடுத்தினா வாங்க வேண்டாம்னு. நீங்க ஆமான்னு ஒரு டிக் போடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன். யாரும் உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அவரே தொடர்ந்தார்.

"மனசு கேக்கலைன்னா, இந்த ஒரு தடவை வெட்டின பிரதியையே வாங்கிடலாம். பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆச்சு, உங்களுக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

"அதுல நான் நல்லவளா இருக்கேன், கார்ல்," என்றாள் எர்லீன்.

"நீங்க நல்லவங்கதானே."

சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். அவருடைய இரண்டாவது யோசனை அவளுக்கு ஆசை காட்டியது, பொய் சொல்வானேன். வெட்டிய பிரதி அலமாரியில் இருந்தால் பாட்டில் கையுறை இருக்கும், கதவு இருக்காது. இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு. அதுவரைக்கும் அந்தப் பாதிப் பாட்டோடு காலத்தை ஓட்டிவிடலாம். வெண்டெல் விருந்தில் கதை சொல்லலாம். உடம்பும் மனசும் அதற்குத்தான் ஏங்கின.

அவளுடைய தாள் ஏறக்குறைய எழுதி முடிந்துதான் இருந்தது. கையெழுத்துப் போடாமலே, தான் வைத்த முறையைத் தானே மீறிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரெனிட்டாவின் தாள். மகளின் குண்டுக் கையெழுத்து. 'வேண்டாம். பீட் சுமார். வார்த்தைகளும் சுமார். வாங்கினாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.'

யாரும் எடுக்க மாட்டார்களாம். நோட்டில் முப்பத்தோரு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அதில் நாலாவதாக எழுதியது ரெனிட்டா பிக்கெட். அன்று காலையில்கூடப் பல் தேய்க்கும்போது இதே ஆல்பத்தின் இரண்டாவது பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எர்லீன் அந்தத் தாளை நாலு தடவை படித்தாள். பாட்டில் வாங்கிய வசவு அவளை இப்படிச் சுடவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு ரெனிட்டா வந்ததும் பின்பக்கம் புத்தகம் ஒட்டுகிற அறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தாள். தாளை மேசை மேல் வைத்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீ மிச்சத்தக் கேக்கவே வேணாம்னுதாம்மா அப்படி எழுதினேன்," என்றாள் ரெனிட்டா. "வேணாம்னு ஒருத்தர் எழுதினா அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும். அதுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க."

"ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். நான் வகுப்புக்குள்ள போகும்போது ஒருத்தன் எழுந்து வந்து கதவத் தொறந்துவிடுவான். தெனம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ."

"நீ வீட்டுக்கு வரும்போது ஒன் மொகத்தப் பாத்திருக்கியா? ஷூவக் கழட்டக்கூட முடியாம ஒக்காந்திருப்ப. ஒங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

எர்லீன் மேசையில் சிந்திக் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். வெளியே பிள்ளைகள் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது, போய் அடக்க வேண்டும். போகவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ரெனிட்டா. "அவன் சொல்றது நெஜமா? நீ காலப் பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். மகள் நம்புவாள். பாட்டே அப்படித்தான் சொல்கிறது, பாட்டெழுதினவனே அவளுக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுத்திருக்கிறான்.

"பாத்தேன்," என்றாள் எர்லீன். "கான்வாஸ் ஷூ, முழுசா நனைஞ்சிருந்துச்சு. பாத்துட்டுத்தான் கையுறையக் கழட்டினேன். எங்க போவன்னு கேட்டா அவன் எடம் இல்லன்னு சொல்லுவான். அப்பறம் நான் ஏதாச்சும் செய்யணும். எனக்கு அன்னிக்கு அதுக்குத் தெம்பில்ல. கையுறையக் குடுத்தா என் பங்கு முடிஞ்சுதுன்னு கதவத் தொறந்துவிட்டேன்."

ரெனிட்டா அம்மாவையே பார்த்தாள். அழுவாள் என்று எர்லீன் நினைத்தாள், அழவில்லை. கோபமாக நாலு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள், அதுவும் இல்லை. அப்பாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தெரியும் என்றாள் எர்லீன்.

அப்புறம் இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து மகள் பக்கம் தள்ளினாள்.

"மறுபடி எழுது. நீ கேட்டத எழுது. என்னைப் பாத்து எழுதாத."

"அலமாரில வெச்சா இதோட முடியாதும்மா. ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒருத்தி வந்து கேப்பா. நான் காலேஜுக்குப் போயிடுவேன், நீதான் இங்க நிக்கணும்."

"நிக்கறேன்."

ரெனிட்டா முதுகைத் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியது. எர்லீன் தன் பழைய தாளை எடுத்து, அதில் இருந்ததை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். முன்பு எழுதியது வெட்டிய பிரதியைக் கேட்டு எழுதியது, பிழை என்னுடையது. முழுப் பிரதி, ஐந்து. பதினோராவது கேள்வியை ஒரு காலத்தில் அவள்தான் வார்த்தை வார்த்தையாக எழுதினாள், கார்ல் அதில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தார். 'உயிரோடிருக்கும் தனிநபரைப் பெயர் சொல்லிப் பொய்யாக இழிவுபடுத்துகிறதா?' அதற்கு நேரே எழுதினாள்: 'பெயர் சொல்கிறது. இழிவும் படுத்துகிறது. பொய் இல்லை. அந்த நபர் நான்.' கையெழுத்துப் போட்டாள். அன்று ராத்திரி வெண்டெல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனான். அதற்கப்புறம் எந்த விருந்திலும் அவன் கையுறைக் கதையை எடுக்கவில்லை.

ஐந்து பிரதியும் ஏப்ரல் முதல் வாரம் வந்தன. வெளியே பனி கரைந்து சகதியாக ஓடிக்கொண்டிருந்தது, மழையும் சேர்ந்துகொண்டது. எர்லீன் தானே உட்கார்ந்து லேபிள் ஒட்டினாள். நாலு பிரதி அரை மணி நேரத்தில் போய்விட்டன. ஐந்தாவதை மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் கொண்டுவந்தாள். பதின்மூன்று வயது இருக்கும், இந்தக் கிளைக்குப் புதுசு. சிடி உறையைத் திருப்பிப் பார்த்தாள், எர்லீனின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தாள், மறுபடி உறையைப் பார்த்தாள்.

"அது நீங்களா?"

"நான்தான்," என்றாள் எர்லீன். "மூணு வாரம் வெச்சுக்கலாம்."

அந்தப் பெண் தலையாட்டினாள். சிடியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பினாள். எர்லீன் மேசைக்கு மேலாக எட்டி அவள் காலைப் பார்த்தாள். துணி ஷூ, ஈரம்.

"கண்ணு, இங்கேருந்து எங்க போற?"

பெண் வாசலில் நின்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வீட்டுக்குத்தான். வேற எங்க போவாங்க?"

"சும்மாத்தான் கேட்டேன்," என்றாள் எர்லீன். மூடுவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. உள்ளே இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதல் மேசையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனாள்.